தொலைக்காட்சிக் காலத்தில் பிறந்து மறைந்த புகழாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இப்படியொரு வகைப்பாடு எதற்காக?

நெப்போலியனை ஓவியத்தின் வழியாகவும் ஆபிரகாம் லிங்கனை நிழற்படத்தின் வழியாகவும் அறிந்திருக்கிறோம். எல்விஸ் பிரெஸ்லியையோ இளவரசி டயானாவையோ நினைத்தாலோ அசைவும் குரலும் முகத்தின் சிறு மாற்றங்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. 1926 ஜனவரி 26க்குப் பின் பிறந்து, இன்று நம்மிடையே இல்லாதவர்கள், தம் வாழ்நாள் முழுவதும் தொலைக்காட்சி என்ற கருவி உலகில் எங்கோ ஓரிடத்திலாவது இயங்கிக்கொண்டிருந்த முதல் தலைமுறையினர். ஆனால் கருவி இருந்தது என்பதாலேயே அது அவர்களைக் காட்டியது என்று பொருளாகாது. அது யாரைக் காட்டியது, யாரை விட்டுவிட்டது, காட்டியவற்றில் எவை அழிந்தன என்பதையெல்லாம் பார்க்கும்போதுதான் வெறும் பிறப்பு இறப்புத் தேதிகளின் பட்டியல் வரலாறாகிறது.

தொலைக்காட்சிக் காலம் எந்த நாளில் தொடங்குகிறது?

ஒரே நாளைச் சொல்லிவிட முடியாது. குறைந்தது மூன்று தொடக்கங்கள் உண்டு. முதலாவது, கருவி இயங்கிக் காட்டப்பட்ட நாள். 1926 ஜனவரி 26 அன்று லண்டனின் சோஹோ பகுதியில், ஃப்ரித் தெருவிலிருந்த ஒரு மாடி அறையில், ஜான் லோகி பேர்ட் அறிவியல் கழகமான ராயல் இன்ஸ்டிடியூஷனின் உறுப்பினர்களுக்குத் தம் கருவியை இயக்கிக் காட்டினார். முப்பதே கோடுகளால் ஆன, மங்கலும் நடுக்கமும் கொண்ட முகம் ஒன்றுதான் திரையில் தெரிந்தது. ஆயினும் அது அசையும் மனித முகம். சுழலும் வட்டை நம்பிய அந்த முறைக்கு மாற்றாக, முழுவதும் மின்னணு முறையில் இயங்கும் கருவியை ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் 1927 செப்டம்பர் 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். பின்னாளில் உலகம் ஏற்றுக்கொண்டது மின்னணு முறையைத்தான்.

இரண்டாவது, பொதுமக்களுக்கான ஒழுங்கான ஒளிபரப்பு தொடங்கிய நாள். பெர்லினில் 1935 மார்ச் மாதத்திலும், லண்டனில் அலெக்சாண்ட்ரா மாளிகையிலிருந்து 1936 நவம்பர் 2 அன்றும், நியூயார்க்கில் உலகக் கண்காட்சியை ஒட்டி 1939 ஏப்ரல் 30 அன்றும் ஒளிபரப்புகள் தொடங்கின. பிபிசியின் ஒளிபரப்பு 1939 செப்டம்பர் 1 அன்று போரின் காரணமாக நிறுத்தப்பட்டு, 1946 ஜூன் 7 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் திரை இருண்டு கிடந்த அந்த இடைவெளியைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது, கருவி வீடுகளுக்குள் நுழைந்த காலம். அமெரிக்காவில் 1950இல் பத்து வீடுகளில் ஒன்றுக்கும் குறைவான வீட்டிலேயே தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. 1960இல் பத்துக்கு எட்டுக்கும் மேற்பட்ட வீடுகளில் இருந்தது. உலகின் பெரும்பகுதிக்கு இந்தக் கட்டம் இன்னும் பல ஆண்டுகள் கழித்தே வந்தது.

இங்கே 1926 ஜனவரி 26 வெளி எல்லையாகக் கொள்ளப்படுகிறது. இது தளர்வான எல்லைதான். இதற்குள் வரும் ஒவ்வொருவரைப் பற்றியும், அவர் வாழ்ந்த இடத்துக்குத் தொலைக்காட்சி எப்போது வந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டால்தான் இந்த எல்லைக்குப் பொருள் உண்டு.

எல்லைக்கோட்டின் இருபுறமும் நிற்பவர்கள் யார்?

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1925 மே 19 அன்றும், அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடி 1925 நவம்பர் 20 அன்றும் பிறந்தார்கள். இருவருடைய பொது வாழ்வும் தொலைக்காட்சியோடு பின்னிப் பிணைந்தது. எனினும் தேதிக் கணக்கின்படி இருவரும் சில மாத இடைவெளியில் வெளியே நின்றுவிடுகிறார்கள்.

உள்ளே வருபவர்களில் பேர்டின் செயல்விளக்கத்துக்கு மிக அருகில் பிறந்தவர்களுள் ஒருவர் சோவியத் கடற்படை அதிகாரி வசீலி அர்கிப்போவ். அவர் பிறந்தது 1926 ஜனவரி 30. அதாவது நான்கு நாட்கள் கழித்து. 1962 அக்டோபர் 27 அன்று, கியூபா ஏவுகணை நெருக்கடியின் உச்சத்தில், பி-59 என்ற நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து அணு ஆயுத டார்பிடோவை ஏவுவதற்கு அவர் இசைய மறுத்தார். அதற்கு ஐந்து நாட்கள் முன்பு அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி அந்த நெருக்கடியை அறிவித்ததை நாடே பார்த்தது. கடலுக்கடியில், வெப்பமும் மூச்சுத்திணறலும் நிறைந்த கப்பலுக்குள் நடந்ததை எந்தக் கேமராவும் காணவில்லை. அர்கிப்போவ் 1998 ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். அவர் செய்தது என்ன என்பது 2002இல் ஹவானாவில் நடந்த கருத்தரங்குக்குப் பிறகே உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது. இந்தப் பட்டியலில் ஒரே ஒரு பெயரை முதலில் எழுதச் சொன்னால் அவருடைய பெயரைத்தான் எழுதுவேன்.

இதற்கு நேர் எதிரான வாழ்க்கை இரண்டாம் எலிசபெத் அரசியுடையது. 1926 ஏப்ரல் 21 அன்று லண்டன் புருட்டன் தெருவில், பேர்டின் அறையிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தொலைவில் அவர் பிறந்தார். 1953 ஜூன் 2 அன்று நடந்த அவருடைய முடிசூட்டு விழாவைப் பிரிட்டனில் சுமார் இரண்டு கோடிப் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அண்டை அயலார் கூடி ஒரே பெட்டியின் முன் அமர்ந்திருந்த காலம் அது. அந்நாளிலும் திருத்தைலம் பூசும் சடங்கு மட்டும் கேமராவுக்கு மறைக்கப்பட்டது. எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்ற பிற்கால எண்ணம் அப்போது இன்னும் வேரூன்றவில்லை. 2022 செப்டம்பர் 8 அன்று, 96ஆம் வயதில் அவர் மறைந்தபோது, இறுதி ஊர்வலத்தின் ஒவ்வோர் அடியும் உலகெங்கும் நேரலையாகச் சென்றது.

மரிலின் மன்றோவும் (1926 ஜூன் 1) ஃபிடல் காஸ்ட்ரோவும் (1926 ஆகஸ்ட் 13) அதே ஆண்டில் பிறந்தவர்கள். மன்றோ 36 வயதில் மறைந்தார். காஸ்ட்ரோ 90 வயது வரை வாழ்ந்து, தொலைக்காட்சியில் மணிக்கணக்காக உரையாற்றும் வழக்கத்தை ஆட்சிமுறையின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டார்.

தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர்கள் ஏன் இதில் இல்லை?

பேர்ட் 1888இலும் ஃபார்ன்ஸ்வொர்த் 1906இலும் பிறந்தவர்கள். தாம் உருவாக்கிய காலத்துக்குள் இறந்தார்களே தவிர, அதற்குள் பிறக்கவில்லை.

ஜான் கென்னடியும் இல்லையா?

இல்லை; அவர் 1917இல் பிறந்தார். ஆனால் அவரைச் சுட்டதாகக் கைதுசெய்யப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்ட் (1939 அக்டோபர் 18 – 1963 நவம்பர் 24) தேதிக் கணக்கின்படி இடம்பெறுகிறார். வரலாற்றில் இடம்பெற்றவர்கள் அனைவரும் போற்றத்தக்கவர்கள் அல்லர் என்பதால், இத்தகைய பட்டியலைப் புகழ்மாலையாகக் கருதுவது தவறு.

தொலைக்காட்சியே இல்லாத நாட்டில் பிறந்தவர்களை எப்படிக் கருதுவது?

தேதிக் கணக்கின் குறைபாடு இங்குதான் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. தென்னாப்பிரிக்க விடுதலைப் போராளி ஸ்டீவ் பீக்கோ 1946 டிசம்பர் 18 அன்று பிறந்து, 1977 செப்டம்பர் 12 அன்று காவலில் இறந்தார். அவருடைய முப்பது ஆண்டு வாழ்வும் தொலைக்காட்சிக் காலத்துக்குள் அடங்குகிறது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் ஒழுங்கான ஒளிபரப்பு தொடங்கியதே 1976 ஜனவரி 5 அன்றுதான். வசதியில்லாததால் நேர்ந்த தாமதமன்று அது. வெளியுலகின் கருத்துகள் திரை வழியாக உள்ளே வந்துவிடும் என்ற அச்சத்தில் நிறவெறி அரசு ஆண்டுக்கணக்காகத் தடுத்துவைத்திருந்தது. 1969இல் மனிதன் நிலவில் கால்வைத்ததை அந்நாட்டு மக்கள் நேரலையில் பார்க்க இயலவில்லை. அதற்குமேல், 1973 முதல் பீக்கோவின் மீது தடையாணை இருந்தது: ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோருடன் பேசக்கூடாது, அவர் சொன்னதை யாரும் மேற்கோள் காட்டக்கூடாது. திரை வந்தபோதும் அது அரசின் கையில் இருந்த திரைதான். ஆகவே இவரை மன்றோவின் பக்கத்தில் வைத்து, "இருவரும் ஒரே காலத்தவர்" என்று எழுதுவது எண்ணளவில் சரி, பொருளளவில் பிழை.

இந்தியாவைப் பொறுத்தவரை டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. பம்பாய்க்கு 1972 அக்டோபர் 2 அன்றுதான் தொலைக்காட்சி வந்தது. நடிகை ஸ்மிதா பாட்டீல் 1955 அக்டோபர் 17 அன்று, நாட்டில் தொலைக்காட்சியே இல்லாத காலத்தில் பிறந்தார். எழுபதுகளில் பம்பாய்த் தூர்தர்ஷனில் மராத்திச் செய்தி வாசிப்பாளரானார். ஜீன்ஸ் அணிந்து நிலையத்துக்கு வந்து, செய்தி நேரத்துக்கு முன்பு அதன்மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு கேமரா முன் அமர்வார் என்பது அவரைப் பற்றிப் பலரும் நினைவுகூரும் செய்தி. இடுப்புக்குக் கீழே கேமரா காட்டாது என்பதை அவர் அறிந்திருந்தார். அந்தச் செய்தி வாசிப்புதான் அவரைத் திரைப்பட இயக்குநர்களின் கண்ணில் படவைத்தது. 1986 டிசம்பர் 13 அன்று, மகப்பேற்றுக்குச் சில நாட்களுக்குப் பின் ஏற்பட்ட உடல்நலச் சிக்கலால், 31 வயதில் அவர் இறந்தார்.

தொலைக்காட்சியால் உருவானவர்கள் என்று யாரைச் சொல்லலாம்?

எல்விஸ் பிரெஸ்லி (1935 – 1977) என்பதே வழக்கமான விடை. 1956 செப்டம்பர் 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர் பாடியதைச் சுமார் ஆறு கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. 1957 ஜனவரியில் மூன்றாம் முறையாக வந்தபோது அவரை இடுப்புக்கு மேல் மட்டுமே காட்டினார்கள். ஆனால் எல்விஸுக்கு வானொலியும் இசைத்தட்டும் இருந்தன. திரை இல்லாதிருந்தாலும் அவர் பாடகராகியிருப்பார். தொலைக்காட்சி இல்லாவிட்டால் வாழ்க்கையே வேறாகியிருக்கும் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர்கள் வேறு சிலர்.

அவர்களுள் பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சன் முதன்மையானவர். அவர் பிறந்தது 1936 செப்டம்பர் 24. பிபிசியின் தொடக்கத்தை எல்லையாகக் கொண்டால் ஆறு வாரத்துக்கும் குறைவான இடைவெளியில் வெளியே நிற்பார். பேர்டின் நாளைக் கொண்டால் உள்ளே வருவார். அதுவரை பொம்மலாட்டம் என்றால் கலைஞரை மறைக்க ஒரு சிறு மேடையும் திரைச்சீலையும் வேண்டும். ஹென்சன் தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டகத்தையே மேடையாகக் கொண்டார். கலைஞர் கேமராவின் பார்வைக்குக் கீழே நின்று கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பொம்மையை இயக்குவார். கண் பொம்மையைப் பார்க்காது, அருகே வைக்கப்பட்டிருக்கும் சிறு திரையைப் பார்க்கும். பார்வையாளர் என்ன காண்கிறாரோ அதையே அந்த நொடியில் கலைஞரும் காண்பதால், பொம்மையின் கண் யாரைப் பார்க்கிறது, தலை எவ்வளவு சாய்கிறது என்பதையெல்லாம் நுட்பமாகத் திருத்த முடிந்தது. 1969 நவம்பர் 10 அன்று தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' நிகழ்ச்சியின் உயிர் இந்த நுட்பத்தில்தான் இருந்தது. 1990 மே 16 அன்று, பாக்டீரியத் தொற்று முற்றியதால், 53 வயதில் அவர் இறந்தார்.

வானியலாளர் கார்ல் சேகன் (1934 – 1996) நான்கு வயதில், 1939இன் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் பெற்றோருடன் சென்றார். தொலைக்காட்சிக் கருவி பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட கண்காட்சி அது. உள்ளே ஏமாற்று எதுவுமில்லை என்று காட்டுவதற்காக ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் ஒரு கருவியைப் பொருத்தி வைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1980இல், பதின்மூன்று பகுதிகளாக ஒளிபரப்பான 'காஸ்மாஸ்' தொடரின் வழியாக அவர் உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் வானியலைக் கொண்டுசென்றார்.

அமெரிக்கக் குடிமை உரிமைப் போராளி ஜான் லூயிஸையும் (1940 – 2020) இங்கே சேர்க்கவேண்டும். 1965 மார்ச் 7 அன்று கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காகச் செல்மா நகரின் பாலத்தின்மீது நடந்த அணிவகுப்பின் முன்வரிசையில், வெளிர்நிற மழைக்கோட்டின் பைகளில் கைகளை நுழைத்தபடி அவர் நடந்துவருவதைப் பழைய படச்சுருளில் காணலாம். முதுகில் ஒரு பை. அதில் இரண்டு புத்தகங்கள், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பற்பசை, பல்துலக்கி. கைதாகிச் சிறை செல்வோம் என்று எண்ணித்தான் அவற்றை எடுத்துவைத்திருந்தார். காவலர்கள் தடியால் அடித்ததில் அவருடைய மண்டையோடு விரிசல் கண்டது. அன்று இரவு ஏபிசி நிறுவனம், நாஜிக் கால நீதிபதிகள் மீதான விசாரணையைப் பற்றிய திரைப்படத்தை இடையில் நிறுத்திவிட்டு, அந்த அடிதடிக் காட்சியை ஏறத்தாழ பதினைந்து நிமிடம் ஒளிபரப்பியது. சுமார் 4.8 கோடிப் பேர் அதைப் பார்த்தனர். ஐந்து மாதத்தில் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. சட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அந்தக் காட்சி இல்லாமல் அவ்வளவு விரைவில் அது நிறைவேறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மரணமே நேரலையில் காட்டப்பட்டவர்கள் உண்டா?

உண்டு, இதை எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. ஆஸ்வால்ட் 1963 நவம்பர் 24 அன்று டாலஸ் நகரக் காவல்துறைத் தலைமையகத்தின் கீழ்த்தளத்தில் சுடப்பட்டதை என்பிசி நேரலையில் காட்டியது. ஒரு கொலை நாடெங்கும் வீடுகளுக்குள் அப்படியே சென்று சேர்ந்தது அதுவே முதல்முறை என்று பொதுவாகக் கருதப்படுகிறது.

1986 ஜனவரி 28 அன்று, புறப்பட்ட 73 நொடியில் சிதைந்த 'சேலஞ்சர்' விண்ணோடத்தில் பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் (1948 – 1986) இருந்தார். அமெரிக்கர்கள் பலர் அதை நேரலையில் பார்த்ததாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் பெரிய தேசிய நிறுவனங்கள் அந்நேரம் தம் வழக்கமான நிகழ்ச்சிகளையே ஒளிபரப்பிக்கொண்டிருந்தன. சிஎன்என் நேரலையாகக் காட்டியது. ஆசிரியை ஒருவர் செல்கிறார் என்பதால் நாசாவின் செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பெறப் பல பள்ளிகளில் ஏற்பாடு செய்திருந்தார்கள்; எனவே நேரலையில் பார்த்தவர்களில் கணிசமானோர் வகுப்பறைகளில் அமர்ந்திருந்த குழந்தைகள். பெரியவர்கள் பலர் பார்த்தது சற்று நேரத்தில் தொடங்கி அன்று முழுவதும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட பதிவை. மறுஒளிபரப்பு நேரடி நினைவாக மாறிவிடும் விந்தைக்கு இது தெளிவான சான்று.

1994இல் இத்தாலியின் இமோலா பந்தயத் தடத்தில் அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு கார்ப் பந்தய வீரர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 30 அன்று தகுதிச் சுற்றில் ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்சன்பெர்கர். மே 1 அன்று, உலகம் பார்த்துக்கொண்டிருந்த பந்தயத்தில் பிரேசிலின் அயர்ட்டன் சென்னா. இருவரும் 1960இல் பிறந்தவர்கள். மூன்று முறை உலகச் சாம்பியனான சென்னாவுக்குப் பிரேசில் மூன்று நாள் துக்கம் அறிவித்தது. அவருடைய இறுதிச் சடங்கில் பந்தய உலகமே திரண்டது. பன்னாட்டுக் கார்ப் பந்தயக் கூட்டமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லியோ, எல்லோரும் அங்கே சென்றுவிட்டார்கள் என்பதால், ராட்சன்பெர்கரின் இறுதிச் சடங்குக்குச் சென்றார். சென்னாவின் காருக்குள் மடித்து வைக்கப்பட்ட ஆஸ்திரியக் கொடி ஒன்று இருந்தது; வென்றால் ராட்சன்பெர்கரின் நினைவாக அதை உயர்த்திக்காட்ட அவர் எண்ணியிருந்தார் என்கிறார்கள். சென்னாவைக் குறித்து எழுதும் எவரும் ராட்சன்பெர்கரின் பெயரையும் எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அத்தகைய காட்சிகளைப் பாதுகாக்க வேண்டுமா, அழிக்கவேண்டுமா?

பொது நிகழ்வாக நடந்தவை வரலாற்று ஆவணங்கள். அவற்றைக் காப்பகத்தில் வைக்கலாம், அதற்காக நாள்தோறும் ஓட்டவேண்டியதில்லை. தனிப்பட்ட மரணம் வேறு. வனவிலங்கு நிகழ்ச்சிகளால் உலகறிந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின் (1962 – 2006), படப்பிடிப்பின்போது திருக்கை மீனின் முள் மார்பில் குத்தி இறந்தார். அதைக் கேமரா பதிவுசெய்திருந்தது. குடும்பத்தாரின் விருப்பத்தின்படி அது அழிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. வாழ்நாளெல்லாம் கேமராவுக்கு முன்னால் வாழ்ந்தவர் என்பதற்காக அவருடைய கடைசி நிமிடமும் பார்வையாளருக்கு உரியதாகிவிடாது. அந்த முடிவு முற்றிலும் சரியானது.

உலகெங்கும் இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற எண்களை நம்பலாமா?

ஒரு நாட்டுக்குள் அளக்கப்பட்ட எண்களைப் பெருமளவு நம்பலாம். உலக எண்களை நம்புவது கடினம். பிரிட்டன் போன்ற நாடுகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளின் பெட்டிகளில் அளவுக் கருவியைப் பொருத்தி, அதிலிருந்து மொத்தத்தைக் கணிக்கிறார்கள். டயானாவின் (1961 – 1997) இறுதிச் சடங்கைப் பிரிட்டனில் சுமார் 3.2 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது அவ்வாறு பெறப்பட்டது. உலகெங்கும் 250 கோடிப் பேர் பார்த்தார்கள் என்ற எண் அப்படிப் பெறப்பட்டதன்று. அப்போதைய உலக மக்கள்தொகை ஏறத்தாழ 590 கோடி. அதில் பத்துக்கு நால்வர் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்வைப் பார்த்திருக்கவேண்டும் என்றால், நேர வேறுபாட்டையும் பெட்டி இல்லாத வீடுகளையும் கருதும்போது ஐயம் எழாமலிருக்க முடியாது. அந்த ஒளிபரப்பு எட்டக்கூடிய நாடுகளின் மக்கள்தொகை, பார்த்தவர்களின் எண்ணிக்கையாகத் திரிந்துவிடுவது இத்துறையில் வழக்கம். இவ்வெண்களைக் குறிப்பிடும்போது 'மதிப்பீடு' என்ற சொல்லையும் சேர்த்தெழுதுவது நேர்மை.

இக்காலத்தில் வாழ்ந்தும் அசையும் படம் எதுவும் எஞ்சாதவர்கள் உண்டா?

பலர் உண்டு. ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் (1948 – 1974) மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டவர். ஆனால் வளர்ந்த பருவத்தில் அவர் பாடுவதைக் காட்டும் காட்சி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. இன்று அவரை நேசிப்பவர்களுக்கு நிழற்படங்களும் குரலும் மட்டுமே உள்ளன.

நாஜி முகாமில் இறந்த, நாட்குறிப்பால் உலகறிந்த யூதச் சிறுமி அன்னா ஃப்ராங்க் (1929 – 1945) தொலைக்காட்சியில் தோன்றியதே இல்லை. 1941 ஜூலை 22 அன்று ஆம்ஸ்டர்டாமில் அண்டை வீட்டுத் திருமணத்தைப் படமெடுத்தபோது, மணமக்களைக் காண மாடி ஜன்னலிலிருந்து எட்டிப்பார்க்கும் சிறுமியாகச் சில நொடிகள் அதில் பதிவாகியிருக்கிறார். அவர் அசைவதைக் காட்டுவது அந்தச் சுருள் ஒன்றுதான்.

இனி, காட்டப்பட்டும் அழிந்தவை. தொடக்க காலத் தொலைக்காட்சி நேரலையாகவே இருந்தது. பிபிசியின் போருக்கு முந்தைய நிகழ்ச்சிகள் காற்றோடு போயின. 1956இல் வீடியோ நாடா அறிமுகமானபோதும், அதன் விலை மிக அதிகம் என்பதால் பழைய நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிந்தார்கள். மனிதன் நிலவில் இறங்கிய இரவில் பிபிசியின் அரங்கிலிருந்து நடத்தப்பட்ட நிகழ்ச்சியே இன்று கிடைப்பதில்லை. நீல் ஆம்ஸ்ட்ராங் (1930 – 2012) ஏணியிலிருந்து இறங்கும் காட்சி, நொடிக்குப் பத்துப் படம் மட்டுமே எடுக்கும் சிறப்புக் கேமராவால் பதிவாகி, வழக்கமான முறைக்கு மாற்றப்பட்டு ஒளிபரப்பானது. மாற்றத்தில் தெளிவு குறைந்தது. தெளிவான மூலக் குறிகைகளைக் கொண்ட நாடாக்கள் பின்னாளில் அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குச் சென்றுவிட்டன என்ற முடிவுக்கு நாசா 2009இல் வந்தது. நிலவில் எடுத்த நிழற்படங்களிலும் ஆம்ஸ்ட்ராங் மிகக் குறைவாகவே காணப்படுகிறார், ஏனெனில் பெரும்பாலான நேரம் கேமரா அவர் கையில் இருந்தது.

இப்பட்டியல்களில் இளம் வயதில் இறந்தவர்களே மிகுதியாக இருப்பது ஏன்?

இது கணக்கின் விளைவு. 1960இல் இப்படியொரு பட்டியலைத் தொகுத்திருந்தால் அதில் இடம்பெறும் மிக மூத்தவருக்கே 34 வயதுதான் இருந்திருக்கும். ஆகவே நடிகர் ஜேம்ஸ் டீன் (24 வயது), பாடகர் பட்டி ஹாலி (22 வயது) போன்றவர்களே அதை நிரப்பியிருப்பார்கள். மார்ட்டின் லூதர் கிங் 39 வயதிலும், யூரி ககாரின் 34 வயதிலும், புரூஸ் லீ 32 வயதிலும் இறந்தார்கள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ் ஆகியோர் 27 வயதில் இறந்ததைக் கொண்டு அந்த எண்ணுக்கே ஏதோ சாபம் இருப்பதாகப் பேசுவதில் பொருளில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, முழு வாழ்வு வாழ்ந்து மறைந்தவர்களின் விகிதம் தானாகவே கூடிவருகிறது.

தொலைக்காட்சிக் காலம் முடிந்துவிட்டதா?

பழைய அலைமுறை (அனலாக்) ஒளிபரப்பு பல நாடுகளில் முடிந்துவிட்டது: அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அதை நிறுத்தின; பிரிட்டனில் 2012 அக்டோபரில் நிறைவுற்றது. மைக்கேல் ஜாக்சன் (1958 – 2009) இறந்தது அமெரிக்க நிறுத்தத்துக்குச் சரியாக 13 நாட்கள் கழித்து. அவர் புகழின் உச்சியைத் தொட உதவியது 1983 மே 16 அன்று ஒளிபரப்பான மேடை நிகழ்ச்சி. அவர் இறந்த செய்தியோ முதலில் இணையத்தில் வெளியாகி, அதன் பிறகே பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களால் உறுதிசெய்யப்பட்டது. தொழில்நுட்பம் மாறினாலும் பெரிய இறுதிச் சடங்குகளை மக்கள் இன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தே பார்க்கிறார்கள் என்பதால், முடிவுத் தேதி எதையும் இங்கே குறிக்கவில்லை.

இத்தகைய பட்டியலைத் தொகுப்பவர்கள் எதைக் கவனிக்கவேண்டும்?

முதலில் தேதிகளை. மன்றோ 1962 ஆகஸ்ட் 4 இரவில் இறந்து, மறுநாள் அதிகாலையில் கண்டெடுக்கப்பட்டதால் இரண்டு தேதிகளும் அச்சில் உள்ளன. கோபேன் 1994 ஏப்ரல் 5 அன்று இறந்தார் எனக் கணிக்கப்பட்டாலும், உடல் 8ஆம் தேதிதான் கிடைத்தது. கர்னாலில் பிறந்த விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவுக்குப் பள்ளியில் சேர்ப்பதற்காக 1961 ஜூலை 1 என்ற தேதி பதியப்பட்டது. உண்மையில் அவர் பிறந்தது 1962 மார்ச் 17. அன்னா ஃப்ராங்கின் இறப்பு 1945 மார்ச் 31 என்று நெதர்லாந்து அரசால் பின்னர் குறிக்கப்பட்டது. 2015இல் வெளியான ஆய்வு அவர் பிப்ரவரியிலேயே இறந்திருக்கக்கூடும் என்கிறது. பெர்கன்-பெல்சன் முகாமில் அந்நாட்களில் இறந்தவர்களின் தேதிகளைக் குறித்துவைக்க யாரும் இல்லை. எனவே அவர் பெயருக்கு எதிரே ஒரு நாளைத் துணிந்து எழுதாமல், மாதத்தையும் ஐயத்தையும் சேர்த்தே எழுதுவதுதான் முறை.